கல் விழுந்து எத்தனை நாள்?

(குன்னூரில் ஒரு பள்ளி அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



போன வாரம் கவாத்துக்குப் போயிருந்த ஓர் அம்மா, தேயிலைச் செடியின் தூரில் கிடந்ததென்று ஒரு கருப்புக் கல்லைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கல்லைக் கொண்டு வருபவர்கள் வழக்கமாகக் கேட்பது, "இது வானத்திலிருந்து விழுந்ததா சார்?" என்றுதான். அந்த அம்மா, "இது விழுந்து எத்தனை நாள் இருக்கும் சார்?" என்று கேட்டார். முப்பது ஆண்டுக்கு மேல் கல்லூரியில் நிலவியல் நடத்தியவன் நான். எந்த மாணவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. இன்று நான் பேசப்போவதெல்லாம் அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதில்தான்.

விண்கற்களைப் பட்டியலிடுபவர்கள் முதலில் இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். விழும்போதே பார்த்து எடுத்த கல் ஒரு வகை. என்றோ விழுந்து கிடந்து, பிறகு யார் கண்ணிலோ பட்ட கல் இன்னொரு வகை. உலகில் பெயர் பெற்ற விண்கற்கள் 70,000க்கு மேல் இருக்கின்றன. அவற்றில் விழக் கண்டு எடுத்தவை 100க்கு 2கூட இல்லை. மிச்சத்தில் பெரும்பாலானவை அன்டார்க்டிகாவின் பனியிலும், சஹாரா, ஓமான் பாலைவனங்களிலும் கிடந்தவை. இந்தியாவின் கணக்கு தலைகீழ். நம் நாட்டு விண்கற்களில் பெரும்பாலானவை விழும்போது யாரோ பார்த்ததால் கிடைத்தவை. 1857 பிப்ரவரி 28 அன்று மதுரைச் சீமையில் இரண்டு கற்கள் விழுந்தன. பார்னல்லி என்று பட்டியலில் பதிவான அவற்றின் மொத்த எடை 77 கிலோவுக்கு மேல். 1886இல் தென்னார்க்காட்டில் நம்மியந்தல் கல் விழுந்தது. சத்தம் கேட்டு ஊர் ஓடிப்போய்ப் பார்த்ததால்தான் இந்தக் கற்கள் நமக்குக் கிடைத்தன. யாரும் பார்க்காமல் விழுந்தவை எங்கே போயின?

அதற்கு விடை சொல்ல, பழனி மலையில் கிடைத்த ஒரு கல் உதவுகிறது. கொடைக்கானலில் 1898இல் ஓர் இரும்பு விண்கல் கிடைத்தது. எடை ஏறக்குறைய 16 கிலோ. அது விழுந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. வியன்னாவைச் சேர்ந்த பெர்வெர்த் 1906இல் அதைப் பற்றி எழுதினார். இரும்புக்குள் முத்து முத்தாகக் கண்ணாடியும் சிலிகேட் கனிமங்களும் சிக்கியிருக்கும் அபூர்வமான கல் அது. 1967இல் பர்னெட், வாஸர்பர்க் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் அந்த முத்துகளின் வயதை ருபிடியம், ஸ்டிரான்ஷியம் என்ற தனிமங்களை வைத்து அளந்தார்கள். சுமார் 380 கோடி ஆண்டு என்று வந்தது. பெரும்பாலான விண்கற்களுக்கு வயது 450 கோடிக்கு மேல் இருக்கும்போது, இது மட்டும் ஏன் இத்தனை இளமை என்று உலகமே வியந்தது.

ஆனால் அந்த 380 கோடி, கல் உருகி உறைந்த நாளிலிருந்து எண்ணிய வயது. அந்த அம்மா கேட்டது அதையல்ல. ஒரு விண்கல்லுக்கு மூன்று வயது உண்டு. உருவான நாளிலிருந்து ஒன்று. தாய்ப்பாறையிலிருந்து உடைந்து தனியாக விண்வெளியில் அலைந்த காலம் ஒன்று. மண்ணில் விழுந்த பிறகு ஆன காலம் ஒன்று. பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான் மிகச் சிறியது. கல்லைக் கெடுப்பதும் அதுதான். 450 கோடி ஆண்டு கெடாமல் இருந்த கல்லை நீலகிரியில் ஒரு தென்மேற்குப் பருவமழை கறைப்படுத்திவிடும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 கிராமுக்கு மேற்பட்ட விண்கற்கள், 10 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆண்டுக்கு 36 முதல் 116 வரை விழலாம் என்று ஒரு மதிப்பீடு இருக்கிறது. நம் மாவட்டத்தின் பரப்பு சுமார் 2,550 சதுர கிலோமீட்டர். அப்படியானால் நீலகிரியில் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒன்று, குறைத்துச் சொன்னாலும் பத்துப் பதினோரு ஆண்டுக்கு ஒன்று விழுந்திருக்க வேண்டும். ஜான் சல்லிவன் இந்த மலைக்கு ஏறி வந்தது 1819இல். அதன் பிறகான 200 ஆண்டில் மட்டும் 20 முதல் 60 கற்கள் வரை. இருந்தும் உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்ற பெயர்களில் ஒரு கல்லையும் நான் எந்தப் பட்டியலிலும் பார்த்ததில்லை. சில சோலைக்குள் விழுந்திருக்கும், சில அணைத் தண்ணீரில். மற்றவை நம் காலடியில்தான் மக்கிப் போயிருக்கும் என்பது என் எண்ணம்.

எப்படி மக்குகிறது என்று சொல்கிறேன். இன்றைக்கு நான் வந்ததே இதற்காகத்தான். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

விண்கற்களில் மிகப் பொதுவானது காண்ட்ரைட் என்ற கல்வகை. உடைத்துப் பார்த்தால் உள்ளே வெளிர்ச் சாம்பல் நிறம், காய்ந்த சிமென்ட் பூச்சைப் போல. அதில் சிறுசிறு உருண்டைகள், நடுநடுவே ஊசிமுனை அளவில் மின்னும் உலோகத் துணுக்குகள். அந்த உலோகம் இரும்பும் நிக்கலும் கலந்தது. அதன் கூடவே டிரோய்லைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமமும் பித்தளை மினுக்கத்தோடு தெரியும். வெளியே கருப்புத் தோல். காற்று மண்டலத்தில் நுழைந்தபோது மேற்பரப்பு உருகி, வேகம் குறைந்ததும் உறைந்து படிந்தது அது. உருகுதோல் என்று சொல்லுவோம். ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. கரி பிடித்த வாணலியின் அடிப்பக்கம் போல மினுக்கமில்லாத கருப்பு. சில அரிய வகைகளில் மட்டும் வார்னிஷ் பூசியது போலப் பளபளக்கும்.

நேற்று விழுந்த கல் என்றால் அந்தக் கருப்பு முழுமையாக இருக்கும். நகக்கண் அளவு பெயர்ந்த இடத்தில் உள்ளே சாம்பல் நிறம் சுத்தமாகத் தெரியும். ஒரு மழை நனைத்துவிட்டால் அந்தச் சாம்பலில் ஆரஞ்சு நிறப் பொட்டுகள் தோன்றும். ஒவ்வொரு பொட்டின் நடுவிலும் ஓர் உலோகத் துணுக்கு இருக்கும். துரு அங்கிருந்துதான் சுற்றிலும் கசிகிறது. சில பருவமழை கண்ட கல்லில் உருகுதோலின் கருப்பே மங்கிக் காப்பித்தூள் நிறத்துக்கு வந்திருக்கும். இன்னும் நாளானால் தோல் செதில் செதிலாக உதிரும். பிறகு உள்ளும் புறமும் ஒரே பழுப்பு. அந்த நிலையில் அதைச் சாலையோரத்துச் செங்கல் துண்டிலிருந்து பிரித்தறிவது எனக்கே சிரமம்.

இங்கே உட்கார்ந்திருக்கும் டீ மேக்கர்களுக்கு இது புதிதல்ல. வாட்டிய கொழுந்தை வெட்டிப் பரப்பியதும் பச்சை மாறிச் செம்பு நிறத்துக்கு வருவதை நீங்கள் ஒவ்வொரு ஷிஃப்டிலும் பார்க்கிறீர்கள். எந்த நிமிடத்தில் டிரையருக்கு அனுப்ப வேண்டும் என்று உங்களுக்குச் சொல்வது கண்ணும் மூக்கும்தான். இலையில் அந்த மாற்றத்தை நடத்துவது நொதி, கல்லில் தண்ணீர். ஆனால் இரண்டிலும் ஆக்ஸிஜன் சேர்கிறது, இரண்டிலும் நிறம்தான் காட்டிக்கொடுக்கிறது, இரண்டையும் கெடாமல் காக்க ஈரத்தை எடுக்க வேண்டும். தேயிலையை 3 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்து மூட்டை கட்டுகிறீர்களே, விண்கல்லுக்கும் அந்த அக்கறைதான் வேண்டும்.

நிறத்தைச் சொல்லால் விவரித்தால் ஆளுக்கொரு பொருள் கொள்வார்கள். அதனால் ஜெர்மானியரான ஃபிராங்க் விளோட்ஸ்கா 1993இல் ஓர் அளவுகோலைத் தந்தார். கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாக்கி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். உலோகமும் டிரோய்லைட்டும் துருப்பிடிக்கவே இல்லை என்றால் டபிள்யூ பூஜ்யம். துணுக்குகளைச் சுற்றி மெல்லிய துருக்கோடு வந்திருந்தால் டபிள்யூ 1. உலோகத்தில் 20 முதல் 60 சதவீதம் வரை துருவாகியிருந்தால் 2. 60 முதல் 95 வரை போயிருந்தால் 3. உலோகமே ஏறக்குறைய மிச்சமில்லை என்றால் 4. அதற்குப் பிறகுதான் சிலிகேட் கனிமங்களுக்கு ஆபத்து. விரிசல் வழியே அவை மாறத் தொடங்குவது 5, களிமண்ணாகவும் துருவாகவும் பெருமளவு மாறிவிட்டது 6. அன்டார்க்டிகாவில் கல் எடுப்பவர்கள் இன்னும் எளிதான முறையை வைத்திருக்கிறார்கள். கையில் வைத்துப் பார்த்துத் துருவின் அளவுக்கேற்ப ஏ, பி, சி என்று எழுதிவிடுவார்கள். மேலே வெள்ளை உப்பு பூத்திருந்தால் கூட ஒரு சிறிய 'இ' சேரும்.

உலோகம் துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகுகிறது. சிமென்ட் தூணுக்குள் கம்பி துருப்பிடித்து வெடிப்பு விடுவதைப் பார்த்திருப்பீர்கள். கல்லுக்குள்ளும் அதே கதைதான். துரு பெருகிக் கல்லைப் பிளக்கிறது. ஆனால் அந்தத் துருவே கல்லின் நுண்துளைகளை அடைத்தும் விடுகிறது. துளை அடைபட்டால் தண்ணீர் உள்ளே போவது குறைகிறது. அதனால் வறண்ட ஊரில் ஒரு கல் தொடக்கத்தில் வேகமாகக் கெட்டு, பிறகு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அதே நிலையில் தாக்குப்பிடிக்கும். பாலைவனக் கற்களை அளந்தவர்கள் டபிள்யூ 2 என்றால் ஏறக்குறைய 5,000 முதல் 15,000 ஆண்டு, டபிள்யூ 4 என்றால் 20,000 முதல் 35,000 ஆண்டு என்று கணித்திருக்கிறார்கள்.

இந்த எண்களை அப்படியே நீலகிரிக்குக் கொண்டுவந்தால் பெரிய தவறாகிவிடும். விளோட்ஸ்காவின் அளவுகோல் கல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. எத்தனை ஆண்டு ஆயிற்று என்று அது சொல்லாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது நினைவிருக்கும். சஹாராவின் பல பகுதிகளுக்கு அது பல ஆண்டுகளின் மழை. மழை நின்றாலும் நமக்கு மஞ்சு நிற்பதில்லை. தேயிலை மண் புளிப்பு மண். அமிலத் தன்மை இருந்தால்தான் செடியே தழைக்கும். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் டபிள்யூ 3க்கு வர ஒரு கல்லுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டு தேவையில்லை.

எஸ்டேட்டுக்கே உரிய இன்னொரு எதிரியும் இருக்கிறது. நாம் யூரியாவோடு கலந்து போடும் பொட்டாஷ். அது பொட்டாசியம் குளோரைடு. இரும்பு விண்கல்லுக்கு குளோரைடைப் போல் விஷம் வேறில்லை. அது உலோகத்துக்குள் ஊடுருவி, துருவோடு சேர்ந்து, மறுபடி மறுபடி விடுபட்டுப் புதிய உலோகத்தை அரிக்கும். அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் இரும்பு விண்கல்லில்கூடச் சில நேரம் பழுப்பு நீர்த்துளி வியர்வை போலக் கசியும். முன்பெல்லாம் அந்தக் குளோரைடு விண்ணிலிருந்தே கல்லோடு வந்தது என்று நினைத்தார்கள். அது இந்த மண்ணிலிருந்து ஏறியது என்று 1980களின் ஆய்வுகள் காட்டின. ஆகவே உரம் போட்ட நிலத்தில் ஓர் இரும்புக் கல் கிடைத்து, அதன் வெடிப்புகளில் ஈரம் கசிந்தால், துடைத்துவிட்டு ஷெல்ஃபில் வைத்துவிடாதீர்கள். அது உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கிறது.

சரி, கெட்ட அளவு தெரிந்துவிட்டது. ஆண்டை எப்படிச் சொல்வது? அதற்கான கடிகாரம் கல்லுக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் கதிர்களைத்தான் இங்கிருந்து பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரத்தில் எட்டும் இடத்தில் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

உதகை ராஜ்பவன் பக்கம் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கிறது. 2,200 மீட்டர் உயரத்தில், புல்தரையில் கூம்பு கூம்பாக நிற்கும் கருவிகளைச் சிலர் வெளியிலிருந்து பார்த்திருப்பீர்கள். கிரேப்ஸ்-3 என்று பெயர். அங்கே 560 சதுர மீட்டரில் ஒரு மியூவான் தொலைநோக்கியும் உண்டு. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் காற்றில் மோதிச் சிதறும்போது பொழியும் துகள்களை அது எண்ணுகிறது. 2014 டிசம்பர் 1 அன்று உதகைக்கு மேல் நின்ற ஓர் இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை இதே கருவிதான் கண்டுபிடித்தது. நம் ஊர்ப் பெருமை என்பதால் சொன்னேன். விஷயத்துக்கு வருகிறேன்.

நம் தலைக்கு மேல் கூரையாகக் காற்று மண்டலம் இருப்பதால் காஸ்மிக் கதிரின் முழு அடியும் நம்மேல் விழுவதில்லை. விண்வெளியில் தனியாக அலையும் கல்லுக்கு அந்தக் கூரை கிடையாது. கதிர் அதன்மேல் நேராக மோதி, உள்ளே இருக்கும் அணுக்களை உடைத்து, கதிரியக்கமுள்ள புதிய அணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அவை ஒருபக்கம் சிதைந்துகொண்டும் இருக்கும். வரவும் செலவும் சமமாக ஓடும். கல் பூமியில் விழுந்த அன்று வரவு நின்றுவிடும். செலவு மட்டும் தொடரும். மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால் விழுந்த நாளைக் கணக்கிடலாம்.

எந்த அணுவைப் பார்ப்பது என்பது எத்தனை காலத்தை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பல்லாயிரம் ஆண்டென்றால் கார்பன்-14. அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டு. அன்டார்க்டிகாக் கற்களைப் போல லட்சக்கணக்கில் போனால் குளோரின்-36. அதன் அரை ஆயுள் சுமார் 3 லட்சம் ஆண்டு. நமக்கு அதிகம் பயன்படக்கூடியது சோடியம்-22. அரை ஆயுள் 2.6 ஆண்டு. ஒரு கல்லில் அது தெளிவாக இருந்தால், அந்தக் கல் அண்மைக் காலத்தில்தான் விழுந்திருக்கிறது, சந்தேகமே வேண்டாம். மாங்கனீசு-54 என்று ஒன்று, அரை ஆயுள் 312 நாள். சோடியம்-24க்கு வெறும் 15 மணி நேரம். விழுந்த மறுநாளே கல்லை ஆய்வகத்தில் சேர்த்தால்தான் அதைப் பார்க்க முடியும். அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம், இந்தியாவில் விழுந்த பல கற்களை இப்படி அளந்திருக்கிறது. கல்லை உடைக்காமலேயே, காமா கதிரை எண்ணி அளக்க முடியும் என்பது இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, நிறம் மாறினால் பழசு, மாறாவிட்டால் புதுசு என்று நீங்கள் முடிவு செய்திருந்தால், உங்களைக் கொஞ்சம் தடுமாற வைக்க வேண்டியது என் கடமை. 2017 ஜூன் 6 அன்று ஜெய்ப்பூருக்கு அருகே முகுந்த்புராவில் வயலில் ஒரு கல் விழுந்து உடைந்தது. அன்றே எடுத்துவிட்டார்கள். இதைவிடப் புதிய கல் கிடைக்காது. ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் பெரும்பகுதி தண்ணீரால் மாறிய களிமண் வகைக் கனிமம். டபிள்யூ 6 கல்லுக்கு எழுத வேண்டியதைப் போலிருக்கும். அந்தத் தண்ணீர் ராஜஸ்தானத்து மழையல்ல. கல் பிறந்த சிறுகோளுக்குள் பல நூறு கோடி ஆண்டுக்கு முன் உருகிய பனி. ஆகவே தண்ணீர் தொட்டிருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது, எந்த ஊர்த் தண்ணீர் என்றும் கேட்க வேண்டும். அதனால்தான் உலோகம் நிறைந்த சாதாரண காண்ட்ரைட்டுகளுக்கு மட்டும் விளோட்ஸ்காவின் அளவுகோல் பொருந்தும் என்கிறோம். 1865இல் பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்த செவ்வாய்க் கல்லுக்கு அதைப் போட முடியாது. துருப்பிடிக்க அதில் உலோகமே இல்லை.

இந்தக் கேள்வியில் பெரிய அறிஞர்களும் ஏமாந்திருக்கிறார்கள். 1864இல் பிரான்சின் ஒர்கெயில் என்ற ஊரில் விழுந்த கருப்புக் கல்லில் வெள்ளை உப்பு நரம்புகள் ஓடுகின்றன. சிறுகோளுக்குள் உப்பு நீர் ஓடிய தடம் என்று வெகுகாலம் எழுதினார்கள். 2001இல் இருவர் பழைய குறிப்புகளைத் தேடிப் படித்தார்கள். விழுந்த காலத்தில் கல்லைப் பார்த்தவர்கள் யாரும் அந்த வெள்ளை நரம்புகளைப் பற்றி எழுதவில்லை. அருங்காட்சியகத்தின் ஈரக் காற்றைக் குடித்துக் குடித்துக் கல் தானே வளர்த்துக்கொண்ட உப்பு அது. இங்கிலாந்தில் 2021 பிப்ரவரி 28 இரவு விழுந்த வின்ச்கோம்ப் கல்லை ஒரு வீட்டார் மறுநாள் காலையே கையுறை போட்டுப் பையில் எடுத்து வைத்தார்கள். அப்படிக் காத்த கல்லிலும் சில மாதங்களுக்குள் பூமியின் உப்புகள் முளைத்துவிட்டன. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆய்வகத்துக் காற்றிலேயே இந்தப் பாடு என்றால், குன்னூர் ஜூலை மாதத்தில் சமையலறை அலமாரியில் கல் என்ன பாடுபடும்?

எதிர்முனையில் ஒரு செய்தி இருக்கிறது. ஸ்வீடனில் தோர்ஸ்பெர்க் என்ற சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் 100க்கும் மேற்பட்ட புதைபடிவ விண்கற்கள் கிடைத்திருக்கின்றன. சுமார் 46.7 கோடி ஆண்டுக்கு முன் கடலில் விழுந்தவை. உலோகம் போய், சிலிகேட் போய், எல்லாம் வேறு கனிமமாகிவிட்டது. குரோமைட் மணிகள் மட்டும் மாறாமல் நிற்கின்றன. உடல் எரிந்த பின் எலும்பு மிஞ்சுவது போல. அந்த மணிகளின் வேதியியலை வைத்தே எந்தக் குடும்பத்துக் கல் என்று சொல்லிவிடுகிறார்கள். எனவே கெட்டுப்போன கல் பயனற்றது என்று யாரும் நினைக்க வேண்டாம். எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது என்பதுதான் மாறும்.

நம் மலையில் கருப்புக் கல்லுக்குப் பஞ்சமில்லை. அதனால் ஏமாற்றும் கற்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த மலையின் உடம்பே சார்னோக்கைட் என்ற பாறை. மண்ணுக்குள் கிடக்கும் அதன் உருண்டைகள் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரியும். அந்தத் தோலைப் பார்த்துத்தான் பலர் உருகுதோல் என்று நினைக்கிறார்கள். உடைத்த விளிம்பைப் பாருங்கள். மழையும் மண்ணும் அரித்த தோல் பல மில்லிமீட்டர், சில நேரம் விரற்கடை தடிமன் இருக்கும். உள்ளே போகப் போக நிறம் மெல்ல மெல்ல மாறும். உருகுதோல் அப்படியல்ல. காகிதம் ஒட்டியதைப் போல மெல்லியதாக, கோடு போட்டதைப் போலச் சட்டென்று முடியும். அடுத்து, செம்புறாங்கல்லில் இருக்கும் இரும்புக் குண்டுமணிகள். கனமாக இருக்கும். மெருகில்லாத ஓட்டின் அடிப்பக்கத்தில் தேய்த்தால் செம்பழுப்புக் கோடு விழும். புதிய விண்கல் கோடு போடாது. ஆனால் துருவேறிய விண்கல்லும் லேசாகப் பழுப்புக் கோடு போடும் என்பதால், அந்தச் சோதனையை மட்டும் நம்பிக் கல்லைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

மூன்றாவது, கொல்லுலைக் கசடு. இந்த மலையில் இரும்பு வேலை தெரிந்த கோத்தர்கள் பல தலைமுறையாக வாழ்கிறார்கள். பிறகு வந்த ஒவ்வொரு எஸ்டேட்டிலும் கவாத்துக் கத்தி தீட்ட, லாடம் அடிக்க ஒரு பட்டறை இருந்தது. கசடு கருப்பாக இருக்கும், கனமாக இருக்கும், காந்தத்துக்கும் இழுபடும். காட்டிக்கொடுப்பது குமிழ்கள். ரவா தோசை போல ஓட்டை ஓட்டையாக இருக்கும். விண்கல்லில் குமிழ் அபூர்வத்திலும் அபூர்வம்.

காந்தம் என்றதும் ஒரு வேண்டுகோள். கடையில் கிடைக்கும் சக்திவாய்ந்த நியோடிமியம் காந்தத்தைக் கல்லில் ஒட்டிப் பார்க்காதீர்கள். கல்லுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுப் பழைய காந்தப் பதிவு இருக்கலாம். 'பிளாக் பியூட்டி' என்ற செவ்வாய்க் கல்லின் துண்டுகளில் செவ்வாயின் பண்டைய காந்தப்புலத்தைத் தேடப் போனவர்கள், எடுத்தவர்களின் காந்தம் அதை அழித்திருந்ததை 2023இல் வெளியிட்டார்கள். சாதாரணச் சிறு காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். நூல் சாய்கிறதா என்று பார்த்தாலே போதும்.

கழுவவும் வேண்டாம். இதை நான் வீடு வீடாகச் சொல்லி வருகிறேன். பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்த்து ஒருவர் ஒரு கல்லைப் பளிச்சென்று கொண்டுவந்தார். அது விண்கல்லாக இருந்திருந்தால் அந்த ஒரு காலைப்பொழுதில் பல ஆண்டின் சிதைவு நடந்திருக்கும். சாமி அறையில் வைக்க விரும்புகிறவர்களை நான் தடுக்க மாட்டேன். வானிலிருந்து வந்ததை வணங்கத் தோன்றுவது நியாயம்தான். பாலும் நீரும் ஊற்றாமல், குங்குமம் இடாமல், காய்ந்த இடத்தில் வையுங்கள். எடுப்பதற்கு முன் கிடந்த இடத்தோடு சேர்த்து ஃபோனில் படம் எடுங்கள். இடக்குறிப்பைச் சேமியுங்கள். மண்ணில் எவ்வளவு புதைந்திருந்தது, கீழ்ப்பக்கம் எது என்று பாருங்கள். மண்ணைத் தொட்ட பக்கம் துருவேறி, வானம் பார்த்த பக்கம் கருப்பாக இருந்தால், அதுவே ஒரு சாட்சி. அலுமினியத் தாளில் சுற்றி, செருப்புப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு, டப்பாவை இறுக மூடுங்கள். பிறகு வருவாய்த்துறை வழியாகவோ நேரடியாகவோ இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். நம் நாட்டில் விண்கற்களுக்குக் காப்பாளர் அவர்கள்தான்.

அந்த அம்மாவின் கல்லுக்கு வருகிறேன். நான் அதை உடைக்கவில்லை. ஒரு முனை ஏற்கெனவே கவாத்துக் கத்தி பட்டு உடைந்திருந்தது. லென்ஸில் பார்த்தேன். குமிழ்கள். பட்டறைக் கசடு. அது எங்கிருந்தும் விழவில்லை என்று சொல்ல எனக்கே மனமில்லை. அவர் முகம் வாடும் என்று பயந்தேன். அவர் கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப நிஜமான கல்லு எப்படி இருக்கும், அதைச் சொல்லுங்க சார்" என்றார். லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து, நான் இன்று உங்களிடம் சொன்னதில் பாதியை அவரிடம் சொன்னேன்.

அவர் இன்று வந்திருக்கிறார். மூன்றாவது வரிசையில், சால்வைக்குள் ஒரு டப்பாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "கழுவலை சார்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். கூட்டம் முடிந்ததும் மேசை விளக்கைப் போடச் சொல்லியிருக்கிறேன். முதலில் அதைப் பார்ப்போம்.